அவரை பூக்காததற்குப் பசளை மருந்தல்ல

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறோம். மாமியார் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த பந்தல் அவரை விதையை இரண்டு வருடமாகப் பின்வளவில் போடுகிறேன். கொடி வேலியை மூடிப் பக்கத்து வீட்டு மரத்திலும் ஏறிவிடுகிறது, பூவைத்தான் காணோம். போன வருடம் செப்ரெம்பர் கடைசியில் பூத்தது. பிஞ்சு பிடிக்குமுன் உறைபனி விழுந்து எல்லாம் கருகிவிட்டது. இந்த ஓகஸ்றிலும் அதே கதை. விதை விற்கும் ஒருவர் 40 டொலருக்கு ஒரு ‘பூப்பசளை’ வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? மாமியார் டிசம்பரில் திரும்பவும் ஊருக்குப் போகிறார், வேறு விதை கொண்டுவரச் சொல்லவா?

பதில்: பசளை வாங்க வேண்டாம். உங்கள் விதையிலும் குறையில்லை, மண்ணிலும் குறையில்லை. இரண்டிலொன்று கெட்டிருந்தால் கொடி பக்கத்து வீட்டு மரம்வரை போயிருக்காது.

ஊரிலுள்ள பழைய பந்தல் அவரை, பகல் குறுகினால்தான் பூக்கும் இனம். யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிக நீண்ட பகல்கூட 13 மணித்தியாலத்தைத் தொடுவதில்லை. ரொறன்ரோவிலோ ஜூன் கடைசியில் 15 மணித்தியாலத்துக்கு மேல் சூரியன் நிற்கும். அது 13க்குக் கீழே இறங்க செப்ரெம்பர் முதல் வாரம் ஆகிவிடும். செடி இலையினால் இரவின் நீளத்தை அளக்கிறது. இரவு போதிய அளவு நீளும்வரை இலையும் தண்டுமாகப் போட்டுக்கொண்டே இருக்கும். ஆடியில் ஊன்றித் தைப்பொங்கலை ஒட்டிக் காய் பறித்த ஞாபகம் ஊரில் பலருக்கு இருக்கும். அந்தக் கணக்கின் அடியில் இருப்பதும் இந்தப் பகல் நீளந்தான்.

இனிப் பசளைக்காரரின் வித்தையைப் பாருங்கள். அவர் அதை ஏப்ரலில் விற்பதில்லை, ஓகஸ்றில்தான் விற்பார். நீங்கள் வாங்கிப் போட்டு இரண்டு மூன்று வாரத்தில் பகல் தானாகக் குறுகும், கொடி தானாகவே பூக்கும், பெயர் பசளைக்குப் போகும். அடுத்த வருடம் நீங்களே நாலு பேருக்குச் சொல்லி விற்றும் கொடுப்பீர்கள். 15-30-15 என்று நடு எண் (பொஸ்பரஸ்) பெருத்த பெட்டி எதை எடுத்தாலும் அதனால் இரவை ஒரு நிமிடம்கூட நீட்ட முடியாது. முதல் எண் நைதரசன். அவரை தன் வேரிலுள்ள பக்ரீரியாவின் உதவியோடு அதைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மேலே கொட்டினால் இலைதான் இன்னும் பெருக்கும்.

இந்த வருடம் செய்யக்கூடியது கொஞ்சந்தான், ஆனால் அதில் ஒன்று முக்கியம். வேலிக்குப் பக்கத்தில் பின்கதவு லைற் இரவெல்லாம் எரிகிறதா? எரிந்தால் இன்றிரவே அணையுங்கள். பகல் குறுகும் நேரத்தில் பூக்கிற செடிக்கு இருட்டு இடையில் முறியாமல் இருக்க வேண்டும். நடு இரவில் சிறிது நேரம் நல்ல வெளிச்சம் பட்டாலே அது ஒரு நீண்ட இரவை இரண்டு குட்டி இரவாகக் கணக்கெடுத்துவிடும். நிலா வெளிச்சத்துக்குப் பயப்பட வேண்டாம், அது போதாது. ஆள் நடந்தால் பற்றி அணைகிற லைற் எப்போதாவது எரிந்தால் பரவாயில்லை. ஆனால் றக்கூனும் பூனையும் ஓடுகிற பாதையில் அது இரவு முழுக்க மினுங்கிக்கொண்டிருக்கும், அதையும் திருப்பிவிடுங்கள். தெரு விளக்கு நேரே விழுகிற பக்கத்திலுள்ள கொடி மற்றப் பக்கத்தைவிடப் பிந்திப் பூத்தால் காரணம் அதுதான். நகரசபை விளக்கை உங்களால் அணைக்க முடியாது. அடுத்த வருடம் பந்தலை வீட்டு நிழல் விழுகிற மூலைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது பகலில் அங்கே வெயில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பூத்த பிறகு இளங்காய்க்கு இரண்டு மூன்று வாரம் வேண்டும், குளிரில் இன்னும் இழுபடும். ஒக்ரோபரில் முதல் உறைபனி பெரும்பாலும் ஓரிரவு வந்து போகும், அதன் பின் நல்ல நாட்கள் இருக்கும். அந்த ஓரிரவைத் தாண்டுவதுதான் விஷயம். பழைய படுக்கை விரிப்புகளை மாலையிலேயே நிலத்தைத் தொடும்படி மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்ரிக் வேண்டாம், அது தொட்ட இலை கருகும்.

அடுத்த வருடம் இந்த விதையை வேலியில் போடாதீர்கள். ஒன்றிரண்டைப் பெரிய தொட்டியில் வைத்து நுனி கிள்ளிக் குட்டையாக வளருங்கள். ஜூலை தொடக்கத்திலிருந்து மாலை ஆறு மணிக்கு யன்னல் இல்லாத கராஜுக்குள் தள்ளி, காலை எட்டு மணிக்கு வெளியே எடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் மொட்டுத் தெரியும், காய் பிடிக்கும்வரை விடாதீர்கள். அலுப்பான வேலைதான். முடியாவிட்டால், செப்ரெம்பர் கடைசியில் தொட்டியைத் தெற்கு யன்னலுக்குள் எடுத்து, இரவில் லைற் போடாத அறையில் வையுங்கள். விதைக்கு நாலு காய் முற்றினால் போதும். எது முதலில் பூத்ததோ அதன் விதையைத்தான் வையுங்கள். வருடக்கணக்கில் இப்படிப் பொறுக்கித்தான் குளிர்நாட்டுக்காரர் தங்கள் பாரம்பரிய இனங்களை உண்டாக்கினார்கள்.

வேலிக்கு வேறு அவரை போடுங்கள். இந்தியாவில் ‘செடி அவரை’ என்று விற்பவை பகல் நீளத்தைப் பொருட்படுத்தாதவை. பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜய், அர்கா விஜய் அந்த வகை. அவை கொடி ஏறாது, ஆனால் விதை எடுக்கலாம். ஏறத்தான் வேண்டும் என்றால் இங்கே பூச்செடி விதைகளோடு ‘ரூபி மூன்’ என்று ஓர் ஊதா அவரை தொங்கும். அதுவும் அதே இனந்தான், கோடையிலேயே பூக்கும். பிஞ்சை அவித்துச் சாப்பிடலாம். எந்த அவரையானாலும் முற்றிய விதையைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்னக்கூடாது, நஞ்சு இருக்கிறது. ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி நன்றாக அவிக்க வேண்டும்.

சிறகவரையும் பழைய துவரையும் அவரையின் கட்சி. தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு இந்தப் பிரச்சினை இல்லை. மார்ச்சில் வீட்டுக்குள் சூட்டில் முளைக்கவைத்து, விக்டோரியா நாள் விடுமுறைக்குப் பிறகு வெளியே நட்டால் சரி.

விதை வாங்கும்போது ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: இந்தச் செடி எந்த ஊரில், எந்த மாதம் பூத்தது? ரொறன்ரோவில் தானே வளர்த்தவர் பட்டென்று சொல்வார். மொத்தமாக எடுத்துப் பத்து விதையைப் பிரித்து ‘ஊர் விதை’ என்று பேஸ்புக்கில் விற்பவர் சுற்றி வளைப்பார். எப்-1 கலப்பின விதையை (அதன் செடியில் எடுக்கும் விதை தாய்ச்செடிபோல் வராது) உறை மாற்றிக் கொடுப்பவரும் உண்டு. 2020இல் கேட்காமலே தபாலில் வந்த மர்ம விதைகளை நடவேண்டாம் என்று அரசு சொல்ல வேண்டி வந்தது. அதையும் நட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்! விதை உறையும் பெரிய உதவி செய்வதில்லை. ‘சோன் 6’ என்று போட்டிருக்கும். அந்த எண் ஒரு மரமோ பல்லாண்டுச் செடியோ வின்ரரைத் தாங்குமா என்று சொல்வதற்கானது. ஒக்ரோபரில் சாகப்போகிற அவரைக்கு அதனால் என்ன பயன்? பகல் நீளம் பற்றி ஒரு வரி அச்சிட என்ன செலவாகும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மாமியார் கொண்டுவரலாம், ஆனால் சேலை மடிப்புக்குள் வேண்டாம். விமான நிலையத்தில் விதை இருக்கிறதென்று அறிவிக்க வேண்டும், மறைத்தால் பறிமுதலோடு அபராதமும் வரலாம். இலங்கை விதைக்குத் தாவர சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். அதைக் கட்டுநாயக்கவிலுள்ள தாவரத் தொற்றுக்காப்பு நிலையத்தில் எடுக்கலாம். ஒரு பிடி அவரைக்காக அவ்வளவு அலைவதா என்று கேட்பீர்கள். நோய் வந்து சேரக்கூடாது என்பதற்கான விதி, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இத்தனை தமிழர் வாழும் நகரத்தில் அதை எளிய தமிழில் ஒரு பக்கமாக எழுதி யாரும் தந்து நான் பார்த்ததில்லை. ஆட்கள் ஒளிக்கிறார்கள் என்று பிறகு ஆச்சரியப்படுகிறார்கள். எப்படியும் இன்னொரு பந்தல் அவரைக்காக மாமியாரை அலைக்கழிக்காதீர்கள், அதுவும் செப்ரெம்பரில்தான் பூக்கும். கொண்டுவருவதென்றால் கத்தரி விதை கொண்டுவரச் சொல்லுங்கள்.