கிடாரிக்கு என்ன வயது?

அன்புள்ள ஐயா,

நான் சென்னையில் வளர்ந்தவள். கணவருக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். போன மாதம் மாமனார் போனில், "ஒரு கிடாரி வாங்கிக் கட்டியிருக்கேன் கண்ணு" என்றார். அகராதியில் கிடாரி என்றால் இளம்பசு என்று இருந்தது. சீக்கிரமே வீட்டில் பால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு விடுமுறைக்குப் போனோம். கட்டுத்தறியில் நின்றதோ இப்போதுதான் பால் மறந்த சின்னக் கன்று. ஊசி போட வந்த கால்நடை மருத்துவரும் சீட்டில் 'கன்று' என்றே எழுதினார். யார் சொல்வது சரி? என் மகள் பள்ளியில் மாட்டுக்குக் கன்று, ஆட்டுக்குக் குட்டி என்று படிக்கிறாள். அவளுக்கு எதைச் சொல்லிக்கொடுக்க?

– ஒரு வாசகி

அன்புள்ள அம்மணிக்கு,

உங்கள் மாமனார், அகராதி, மருத்துவர் மூவருமே சரி. கொங்கில் கிடாரி என்று சொன்னால் இரண்டு விஷயம் தெரிந்துவிடும்: அது பெண், இன்னும் ஈனவில்லை. வயது அந்தச் சொல்லில் இல்லை. மாடு கன்று போட்டதும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்கிற முதல் கேள்வியே "காளையா, கிடாரியா?" என்பதுதான். அன்று காலையில் பிறந்ததும் கிடாரி, முதல் சினையில் வயிறு இறங்கி நிற்பதும் கிடாரி. தலையீத்து ஈன்றதும் அந்தப் பெயர் போய்விடும். அப்புறம் அது மாடு.

வீட்டுப் பேச்சுக்கு இது போதும். காசு கைமாறும் இடத்தில் போதாது. ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையில் யாரும் வெறுமனே கிடாரி என்று விலை பேச மாட்டார்கள். பல்லு போடாத கிடாரி, ரெண்டு பல்லுக் கிடாரி, சினைக் கிடாரி என்று முன்னால் ஒரு சொல் சேரும். மாட்டுக்குப் பால்பல் விழுந்து முதல் இரண்டு நிலைப்பற்கள் வர இரண்டு, இரண்டரை வயது ஆகும். ஆட்டுக்கு அதே இரண்டு பல் ஒன்று, ஒன்றரை வயதிலேயே வந்துவிடும். ஆகவே 'ரெண்டு பல்லு' என்றாலும் எதற்குச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

எந்த இனம் என்பதையும் மாமனாரிடம் கேளுங்கள். ஜெர்சி கலப்புக் கிடாரி நல்ல தீவனம் கிடைத்தால் ஒன்றரை வயதை ஒட்டிச் சினை ஊசிக்குத் தயாராகிவிடும். மருத்துவர்கள் வயதை மட்டும் பார்ப்பதில்லை, எடை ஏறக்குறைய 250 கிலோ வந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். காங்கேயம் கிடாரி தலையீத்து ஈனுவதற்கு மூன்றரை, நான்கு வயதுகூட ஆகும். கொறங்காட்டில், அதாவது வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப் புல் மேய்ந்து நிதானமாக வளருகிற மாடு அது. அது ஒரே ஒரு கன்று ஈனும் நேரத்தில் கலப்பு மாடு இரண்டாம் ஈத்தே முடித்திருக்கும். கிடாரி என்ற பெயர் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

காங்கேயம் கன்றில் வெளியூர்க்காரர் தடுமாறுகிற இன்னொரு விஷயமும் உண்டு. அது பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும். ஆறு மாதத்தை ஒட்டித்தான் நிறம் மாறிச் சாம்பலுக்கு, அதாவது மயிலைக்கு வரும். கன்று செவலையாக இருப்பதை வைத்து வளர்ந்த பிறகும் செவலை மாடாகத்தான் நிற்கும் என்று முடிவு கட்ட முடியாது.

மகளின் பாடத்துக்கு வருகிறேன். பரீட்சைக்குப் புத்தகத்தில் உள்ளதையே எழுதட்டும். ஆனால் அந்தப் பட்டியல் என்றைக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். தொல்காப்பியத்தில் மரபியல் என்ற பகுதி ஆட்டின் இளமைக்கு 'மறி' என்கிறது. இன்று கொம்பு சுருண்ட கிழட்டுக் கிடாயும் செம்மறிதான், அதன் குட்டி செம்மறிக்குட்டி. குதிரைக்கு அந்த நூல் மறி, கன்று இரண்டையுமே தருகிறது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் போய்க் குதிரைக் கன்று என்று கேட்டால் ஒருவருக்கும் விளங்காது, அங்கே அது குட்டி. பசுவுக்கும் எருமைக்கும் 'குழவி' என்று சொல்லலாம் என்கிறது மரபியல். இன்று அது மனிதப் பிள்ளைக்கு மட்டுமே, அதுவும் கவிதையில்.

கோழிக்கும் இதே கதைதான். வீட்டில் முட்டைக்கு வராத இளசு வெடக்கோழி. நாமக்கல் பண்ணைகளில் வாரக் கணக்கு: எட்டு வாரம் வரை குஞ்சு, பிறகு குரோயர், முட்டையிடத் தொடங்கினால் லேயர்.

பாடத்தில் வராத ஒரு சொல்லைத்தான் நான் அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பேன்: காளைக்கன்னு. உழவும் வண்டியும், மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கவலையும் இருந்த காலத்தில் அந்தக் கன்றுக்கு வீட்டில் மதிப்பு இருந்தது. நிறமும் உயரமும் பார்த்து ஜோடி சேர்ப்பார்கள், வண்டிக்குப் பழக்குவார்கள், காயடித்த பிறகு எருது என்பார்கள். இன்று கலப்பு மாட்டில் காளைக்கன்று பிறந்தால் பல வீடுகளில் சில வாரத்திலேயே விற்றுவிடுகிறார்கள். கிடாரியே பிறக்கும்படி பாலினம் பிரித்த உறைவிந்து ஊசியும் வந்துவிட்டது. பத்துக்கு ஒன்பது கிடாரிதான். பால் விலையை நம்பிப் பிழைக்கிற குடியானவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பிறக்கும்போதே வேண்டாததாகிப்போகும் அந்தக் கன்றை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

காங்கேயம் பக்கம் இன்னும் முழுக்க அப்படி ஆகிவிடவில்லை. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச் சந்தைக்கு மகளைக் கூட்டிப் போங்கள். காளைக்கன்றை ஜோடி பார்த்து விலை பேசுவதை அங்கே பார்க்கலாம். விற்பவரிடம் கேட்டால் வாயைப் பிரித்துப் பல்லைக் காட்டுவார், அவளே எண்ணட்டும்.