குனியவும் தூக்கவும் முடியாதவர்களுக்கு எந்த உர முறை?

கேள்வி: அல்சூரில் இரண்டாம் மாடி ஃபிளாட். நானும் கணவரும் மட்டும்தான். எனக்கு முட்டிவலி, குனிய முடியாது. மணிக்கட்டில் வாதம், கனம் தூக்கக் கூடாது. பால்கனியிலேயே உரம் தயாரிக்க எது சுலபம்?

பதில்: பெங்களூரில் பலரும் வாங்கும் மூன்றடுக்கு மண்பானை உங்களுக்கு வேண்டாம். முறை நல்லதுதான், ஆனால் மேல் பானை நிரம்பியதும் அதைக் கீழே இறக்கி, காலிப் பானையை மேலே ஏற்ற வேண்டும். சுழற்றும் டிரம் பாதி நிரம்பினாலே மணிக்கட்டைப் பதம் பார்க்கும். மூடிய வாளியில் நுண்ணுயிர்த் தூள் தூவிக் கழிவைப் புளிக்கவைக்கும் பொகாஷி முறையில் கிளறும் வேலை இல்லை. ஆனால் இரண்டு வாரம் புளித்ததை மண்ணில் புதைத்தாக வேண்டும்.

இடுப்பளவு உயரமுள்ள உறுதியான பெஞ்சு, அதன்மேல் வரிசையாகப் பத்து லிட்டர் பெயின்ட் பக்கெட்டுகள் ஆறு. இதுதான் எங்கள் பரிந்துரை. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் அடியிலும் பென்சில் நுழையும் அளவில் இருபது துளைகளை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள். அடியில் ஒரு தட்டு. பெயின்ட் பக்கெட்டின் சொந்த மூடியைத் திறக்க விரல்பலம் வேண்டும். அதற்குப் பதிலாகப் பழைய பிளாஸ்டிக் தட்டைக் கவிழ்த்து மூடினால் போதும்.

பக்கெட்டுக்குள் அடியில் மூன்று அங்குலம் தேங்காய்நார்த் தூள். தினமும் சமையலறைக் கழிவைப் போட்டு, கழிவின் அளவில் பாதியாவது தூளை மேலே தூவுங்கள். தோல் எதுவும் வெளியே தெரியக் கூடாது. கடையில் 'உதிரியான காய்ந்த தூள்' என்று கேட்டு வாங்குங்கள். அழுத்திய கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்தால்தான் உதிரும். ஈரமான தூள் கழிவின் நீரை உறிஞ்சாது. முதல் வாரம் ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்தால் வேலை சீக்கிரம் தொடங்கும்.

நறுக்குவதும் உங்களுக்குச் சிரமம்தானே? கழிவை ஒரு இரவு ஃப்ரீசரில் வைத்தெடுங்கள். உறைந்து இளகும்போது திசு உடைந்து தொளதொளத்துவிடும், கத்தி தேவைப்படாது. நீர் கொஞ்சம் அதிகம் விடும், அன்று தூளைக் கூட்டிப் போடுங்கள்.

கிளறவும் வேண்டாம். பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிய மரக்கம்பால் வாரம் இருமுறை நாலைந்து இடத்தில் குத்திவிட்டால் காற்று இறங்கும். அழுகிய முட்டை வாடை வந்தால் ஈரம் மிஞ்சி, காற்று போகவில்லை என்று பொருள்: இரண்டு கை தூள் போட்டுக் குத்துங்கள். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். வெள்ளைப் புழு நெளிந்தால் பதற வேண்டாம். அதுவும் கழிவைத் தின்று உரமாக்கத்தான் செய்கிறது. தூளால் கனமாக மூடினால் குறையும்.

ஒன்று நிரம்பினால் பெஞ்சின் மேலேயே ஓரமாக நகர்த்திவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் காட்டு மண் வாசனையோடு கறுப்பாக உதிரும். அதைக் கொட்டவும் வேண்டாம்: கப்பால் பாதியை அள்ளிப் பூந்தொட்டிகளுக்குப் போட்டுவிட்டு, மீதியோடு சம அளவு மண் கலந்து அதே பக்கெட்டில் வெந்தயக்கீரை விதைத்துவிடலாம்.

தேங்காய் ஓடு, எலும்பு, மீன், எண்ணெய்க் குழம்பு ஆகியவற்றை இதில் சேர்க்க வேண்டாம்.