படுத்துக்கொண்டு எடுத்த எக்ஸ்ரே முழங்காலைப் பற்றி என்ன சொல்லும்?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. மண்டூரில் வயலும் வீடுமாக ஓடித் திரிந்தவர். இரண்டு வருடமாக வலது முழங்காலில் நோவு. குந்தியிருந்தால் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். துறைவரை நடப்பதற்குள் இரண்டு தடவை நின்றுவிடுகிறார். ஐந்து மாதத்துக்கு முன் எக்ஸ்ரே எடுத்தோம். நிற்கச் சிரமப்பட்டதால் மேசையில் படுக்கவைத்து எடுத்தார்கள். “வயதுக்குரிய சின்ன மாற்றம்தான், இடைவெளி நன்றாக இருக்கிறது” என்றார்கள். நோவோ குறையவில்லை. இப்போது முழங்காலின் பின்பக்கம் ஓர் உருண்டையும் தெரிகிறது. ஒருவர் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் எடுக்கச் சொல்கிறார். எம்.ஆர்.ஐ. எடுத்தால் எல்லாமே தெரிந்துவிடும் என்கிறார் இன்னொருவர். எதற்குப் பணம் செலவழிப்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: “மேசையில் படுக்கவைத்து எடுத்தார்கள்.”

எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. தெரிவது எலும்பு மட்டுமே. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே கறுப்பாகத் தெரியும் இடைவெளியை வைத்துத்தான், அங்கே குருத்தெலும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று ஊகிக்கிறோம். பழைய பஞ்சு மெத்தையை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் உட்காராதபோது அது தடிப்பாகத்தான் தெரியும். உட்கார்ந்த பிறகே அடியில் உள்ள பலகை இடிக்கும். முழங்காலும் அப்படித்தான். படுத்திருக்கும்போது மூட்டின் மேல் பாரம் இல்லாததால் தேய்ந்த மூட்டிலும் இடைவெளி அகலமாகத் தெரியலாம். அதே ஆள் நின்றவுடன் உட்பக்கத்தில் எலும்போடு எலும்பு முட்டிக்கொண்டு நிற்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆகவே “இடைவெளி நன்றாக இருக்கிறது” என்ற அந்த வரியை நம்பி எதையும் தீர்மானிக்க வேண்டாம். எலும்பு முறிவு போன்றவை இருக்கின்றனவா என்று பார்க்க அந்தப் படம் போதும். தேய்வை அளக்கப் போதாது.

கேட்க வேண்டியது, நின்றபடி இரண்டு முழங்கால்களையும் ஒரே படத்தில் முன்பக்கமாக எடுப்பது. அதோடு பக்கவாட்டில் ஒன்று. மாடிப்படி ஏறி இறங்கும்போது முன்பக்கம் நொந்தால், முழங்கால் சில்லின் பின்புறத்தைக் காட்டும் மேல்கோணப் படமும் ஒன்று. சில இடங்களில் முழங்காலைச் சற்று மடித்து நிற்கவைத்தும் எடுப்பார்கள். தேய்வு பலருக்கு மூட்டின் பின்பகுதியில் தொடங்குவதால், நேராக நிற்கும்போது ஒளிந்திருப்பது மடித்து நிற்கும்போது வெளிப்படும். அம்மாவால் நெடுநேரம் நிற்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீங்களும் தாங்கிக்கொண்டு கொண்டுபோய் நிறுத்துங்கள். படம் விழும் நேரம் ஒரு விநாடியிலும் குறைவு. கதிர்வீச்சு பற்றிப் பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். முழங்காலுக்கு எடுக்கும் ஒரு படத்தில் உடலில் படுவது, நாம் சும்மா வீட்டில் இருந்தாலும் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒரு நாளில் வந்து சேரும் அளவைத் தாண்டாது.

அறிக்கையில் தரம் 2, தரம் 3 என்று எழுதியிருந்தால் அது 1957 இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு வைத்தியர்கள் வகுத்த அளவுகோல். 0 என்றால் மாற்றமில்லை. 2 இல் எலும்பு ஓரத்தில் முள்போன்ற வளர்ச்சி திட்டமாகத் தெரியும். 4 என்றால் இடைவெளி பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் இந்த எண்ணையும் நோவையும் ஒரே தராசில் போடாதீர்கள். தரம் 4 ஓடு கதிர்காமப் பாதயாத்திரைக்குப் போய்வருபவர்களும் இருக்கிறார்கள், தரம் 1 இல் கோயில் வீதியைச் சுற்ற முடியாதவர்களும் இருக்கிறார்கள். படத்துக்கு வைத்தியம் செய்யக் கூடாது, ஆளுக்குத்தான் செய்ய வேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்தவர்கள் சொன்னது இதற்காகத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஸ்கான் நிலையங்களுக்குப் பிடிக்காவிட்டாலும். 45 வயதைத் தாண்டியவருக்கு நடந்தால் நோவு, இருந்தால் குறைவு, காலையில் எழும்பும்போதுள்ள விறைப்பு அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும் என்றால், அது மூட்டுத் தேய்வு என்று சொல்லப் பெரும்பாலும் எந்தப் படமும் தேவையில்லை. கையால் தொட்டு, மடக்கி நீட்டிப் பார்த்தே சொல்லலாம். இடுப்பு மூட்டையும் அசைத்துப் பார்க்கும் வைத்தியராக இருந்தால் நல்லது. இடுப்பில் உள்ள கோளாறு முழங்காலில் நோவாகக் காட்டி எல்லாரையும் ஏமாற்றும்.

அப்படியானால் அல்ட்ராசவுண்ட் வீண் செலவா? அம்மாவின் விஷயத்தில் இல்லை. காரணம் அந்த உருண்டை.

முழங்காலில் நீர் கூடும்போது அது பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்து பை போலத் திரளும். தேய்ந்த முழங்கால்களில் இது அடிக்கடி காண்பது, பெரும்பாலும் ஆபத்தில்லாதது. எக்ஸ்ரே இதைப் பற்றி அநேகமாக ஒன்றும் சொல்லாது. அல்ட்ராசவுண்ட் சில நிமிடங்களில் அது நீர்ப்பையா, கட்டியா, வீங்கிய இரத்தக்குழாயா என்று பிரித்துவிடும். மூட்டுக்குள் நீர் எவ்வளவு, மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு தடித்திருக்கிறதா, அதில் இரத்த ஓட்டம் கூடியிருக்கிறதா, இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மெத்தைபோல் இருக்கும் பிறைவடிவக் குருத்தெலும்பு ஓரத்தில் பிதுங்கி நிற்கிறதா என்பவையும் தெரியும். யூரிக் அமில உப்பு குருத்தெலும்பின் மேல் படிந்திருந்தால் அதையும் காணலாம். தேய்வு என்று வருடக்கணக்காக நினைத்திருந்தது வேறொரு மூட்டுவாதமாக முடிவதும் உண்டு. சிக்குன்குனியா வந்து போனவர்களிடமும் தேய்வா, வேறு மூட்டுவாதமா என்ற கேள்வி எழும். 2006 இல் அது மட்டக்களப்பையும் கல்முனையையும் உலுப்பியபோது, மாதக்கணக்கில் மூட்டு வீங்கிக் கிடந்தவர்களை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அல்ட்ராசவுண்டின் குறையும் பெரியது. ஒலி அலை எலும்பை ஊடுருவாது. பாரம் தாங்கும் நடுப்பகுதியில் இரண்டு எலும்புகளுக்கு இடையே ஒளிந்திருக்கும் குருத்தெலும்பை அது முழுமையாகக் காட்டாது. முழங்காலை நன்றாக மடக்கினால் தொடை எலும்பின் முன்பக்கக் குருத்தெலும்பு தெரியும். அம்மாவால் அவ்வளவு மடக்க முடியுமோ என்னவோ. ஆகவே தேய்வு எவ்வளவு என்ற கேள்விக்கு நின்றபடி எடுத்த எக்ஸ்ரே, வீக்கம் எதனால் என்ற கேள்விக்கு அல்ட்ராசவுண்ட். ஸ்கான் என்பது பார்க்கிறவரின் கையையும் கண்ணையும் பொறுத்தது. வயிற்று ஸ்கானுக்கு வைத்திருக்கும் வளைந்த முனையை முழங்காலில் வைத்துப் பார்த்தால் போதாது, தட்டையான உயர் அதிர்வெண் முனை வேண்டும். முழங்கால் ஸ்கான் வழமையாகச் செய்கிறார்களா என்று பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற இடத்தில் எடுக்க வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. இப்போதைக்கு வேண்டாம். எல்லாம் தெரிந்துவிடும் என்று உங்களுக்குச் சொன்னது உண்மை, சிக்கலே அதுதான். அறுபது வயதுக்காரரின் முழங்காலில் பிறைக் குருத்தெலும்புக் கிழிவு நோவே இல்லாதவர்களிடமும் சர்வசாதாரணம். அறிக்கையில் “கிழிவு” என்ற சொல்லைக் கண்டு பயந்து, தேய்ந்த மூட்டுக்குள் குழாய் விட்டுச் சுத்தம் செய்யும் ஓபரேஷனுக்குப் போனவர்களுக்கு அதனால் பெரிதாகப் பலன் கிடைப்பதில்லை. முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, எக்ஸ்ரேயில் சந்தேகமான ஏதாவது இருந்தாலோ எம்.ஆர்.ஐ. பற்றி யோசிக்கலாம்.

இரண்டு நிலைமைகளில் கிளினிக் நாள் வரும் என்று காத்திருக்கக் கூடாது. முழங்கால் திடீரெனச் சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் வந்தால் மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கெண்டைக்கால் திடீரென வீங்கி நொந்தாலும் அப்படியே. அந்த நீர்ப்பை வெடித்தாலும் கெண்டைக்கால் இப்படித்தான் வீங்கும், ஆழமான நாளத்தில் இரத்தம் உறைந்தாலும் இப்படித்தான் வீங்கும். வெளியே பார்த்துப் பிரிப்பது எங்களுக்கே கஷ்டம். இங்கும் அல்ட்ராசவுண்ட்தான் தீர்ப்புச் சொல்லும்.

உங்களுக்குக் கிட்டவுள்ளது களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை. வெளிநோயாளர் பிரிவில் காட்டி, நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரே என்று துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் எக்ஸ்ரே அறையில் வசதியான மேசையைத்தான் காட்டுவார்கள். தேவைப்பட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை கிளினிக்குக் கடிதம் வாங்கலாம். அரச வைத்தியசாலையில் காத்திருப்பு உண்டு, ஆனால் இவற்றுக்குக் கட்டணம் இல்லை. அதுவரை கதிரையில் இருந்து வலது காலை நேராக நீட்டி ஐந்து விநாடி பிடித்து இறக்கும் பயிற்சியைக் காலையும் மாலையும் பத்துப் பத்துத் தடவை செய்யட்டும். குந்தியிருந்து செய்யும் வேலைகளைக் கதிரைக்கு மாற்றுங்கள். கடையில் வாங்கும் நோக் குளிசையை, முக்கியமாக டைக்ளோபெனக்கை, இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருக்கிறதா என்று பார்க்காமல் நாள்கணக்கில் கொடுக்க வேண்டாம்.

போகும்போது பழைய எக்ஸ்ரேயையும் மறக்காமல் கொண்டுபோங்கள். உருண்டையைக் காட்டும்போது அம்மாவைக் காலை நீட்டி நிற்கவைத்துக் காட்டுங்கள். கதிரையில் முழங்காலை மடக்கி இருந்தால் நீர்ப்பை மெத்தென்று உள்ளே அமுங்கிவிடும், வைத்தியர் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லையே என்பார்.