மினி கூப்பர் எஸ் ஆர்53: புல்லி, பெல்ட், இன்டர்கூலர் – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகள் அனைத்தும் ஒரே காரைச் சுற்றியே அமைந்துள்ளன. 2002 முதல் 2006 வரை விற்பனையான, ஆர்53 என்ற குறியீட்டால் அறியப்படும் மினி கூப்பர் எஸ்தான் அது. பிரேசிலில் தயாரான 1.6 லிட்டர் எஞ்சினும், அதன் முன்புறம் பொருத்தப்பட்ட ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜரும் (பெல்ட்டால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) அதன் அடையாளம். அடுத்த தலைமுறை, எக்ஸாஸ்ட் வாயுவால் சுழலும் டர்போவுக்கு மாறிவிட்டதால், பெல்ட் சுற்றும் சக்கரமான ஒரு புல்லியை மாற்றியே காற்றழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டைக் கூட்டிக்கொள்ளும் வசதி ஹேட்ச்பேக் மினியில் இந்தக் காரோடு முடிந்துபோனது.

கேள்வி: 15 சதவீதம் சிறிய புல்லி போட்டால் பவர் எவ்வளவு கூடும்? 17, 19 சதவீதப் புல்லிகளும் கிடைக்கும்போது ஏன் 15ஓடு நிற்க வேண்டும்?

பதில்: எம்45 ரூட்ஸ் வகையைச் சேர்ந்தது; அதன் ரோட்டர்கள் ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது சுமார் 740 சிசி காற்றை எஞ்சினுக்குள் தள்ளுகின்றன. எஞ்சின் எடுத்துக்கொள்ளும் அளவைவிட அதிகமாகக் காற்று வந்து சேர்வதால் உண்டாகும் அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்கிறோம். எஞ்சினின் பிரதானத் தண்டான கிராங்க்கில் உள்ள புல்லி அப்படியே இருக்க, சூப்பர்சார்ஜர் புல்லியின் விட்டத்தை 15 சதவீதம் குறைத்தால், ரோட்டரின் வேகம் 15 சதவீதம் அல்ல, 17.6 சதவீதம் கூடுகிறது. 17 சதவீதப் புல்லியில் இது 20.5 ஆகவும், 19 சதவீதப் புல்லியில் 23.5 ஆகவும் ஏறும். விளம்பரத்தில் அச்சிடப்படும் எண்ணுக்கும் பேரிங் உணரும் எண்ணுக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பலர் கவனிப்பதில்லை.

நல்ல நிலையில் உள்ள காரில் 15 சதவீதப் புல்லியால் 15 முதல் 20 குதிரைத்திறன் வரை எதிர்பார்க்கலாம். அதைவிட முக்கியமாக, 3000 ஆர்பிஎம் முதலே டார்க் கூடியிருப்பது ஓட்டும்போது தெரியும். தொடக்கத்தில் ஆலையிலிருந்து 163 குதிரைத்திறனோடு வந்த கார் இது. மினிக்கென்றே விற்கப்பட்ட ஜான் கூப்பர் வொர்க்ஸ் ட்யூனிங் கிட் அதை 200க்கும் பின்னர் 210க்கும் உயர்த்தியபோது, அந்தக் கிட்டிலும் ஒரு சிறிய புல்லி இருந்தது. ஆனால் அது 11 சதவீத அளவே சிறியது, மீதி வேலையைச் சிலிண்டர் ஹெட்டும் மற்ற பாகங்களும் செய்தன. உத்தரவாதம் தர வேண்டிய நிறுவனம் எங்கே நிறுத்திக்கொண்டது என்பதே எனக்கு ஒரு நல்ல அளவுகோலாகப் படுகிறது. 15க்கு நான் சம்மதிப்பேன். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் பெரிதாக இருந்தால் 17ஐப் பற்றிப் பேசலாம். 19ஐத் தினசரி ஓடும் காரில் பொருத்த மாட்டேன், ஏனென்றால் அந்த வேகத்தில் ரோட்டர்கள் காற்றை நகர்த்துவதைவிடச் சூடாக்குவதையே அதிகம் செய்யும், அந்தச் சூட்டை உண்டாக்கவும் கிராங்க்கிலிருந்தே பவரை இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: புல்லி மாற்றியபின் 5000 ஆர்பிஎம்முக்கு மேல் கார் சோர்ந்துவிடுகிறது, பெல்ட்டில் கீச்சொலியும் கேட்கிறது. புல்லியில் குறையா?

பதில்: புல்லியில் குறை இருக்க வாய்ப்பு குறைவு, பெல்ட் நழுவுகிறது. சிறிய புல்லியைச் சுற்றிப் பெல்ட் பற்றும் நீளமும் குறைகிறது, அது சுழற்ற வேண்டிய சுமையும் கூடுகிறது. ஆகவே பழைய நீளத்துப் பெல்ட்டையே மாட்டியிருந்தால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தன் எல்லைக்கு வந்து நின்றுவிடும். சற்றுக் குட்டையான பெல்ட் கட்டாயம் வேண்டும்.

பெல்ட் சரியாக இருந்தும் நழுவினால் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது டென்ஷனர்; அதிலுள்ள, அதிர்வை அடக்கும் டேம்பர் எண்ணெய் கசிந்து தளர்ந்துபோவது இந்தக் கார்களில் சாதாரணம். இரண்டாவது கிராங்க் புல்லி. அது ஒரே உலோகத் துண்டு அல்ல, உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர் ஒட்டப்பட்டிருக்கும். அந்த ரப்பர் விட்டுப்போனால் உள்வளையம் எஞ்சினோடு சுழலும், வெளிவளையம் தன் போக்கில் பின்தங்கும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. வலது முன்சக்கரத்தைக் கழற்றி, புல்லியின் நடுவிலிருந்து விளிம்பு வரை ரப்பரைக் கடந்து வெள்ளைப் பெயின்ட்டால் நேர்கோடு ஒன்று போடுங்கள். இரண்டு நாள் நன்றாக ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். என்னிடம் வந்த ஒரு காரில், சொந்தக்காரர் மூன்று பெல்ட்டுகளை மாற்றிச் சலித்தபின் இந்தக் கோட்டைப் போட்டோம். மறுநாள் மாலை கோட்டின் வெளிப்பாதி கால் வட்டம் தள்ளி நின்றது.

சூப்பர்சார்ஜர் புல்லி அதன் தண்டில் இறுக்கமாக அழுத்திப் பொருத்தப்பட்டிருப்பதால், அதைக் கழற்ற அதற்கென்றே உள்ள புல்லர் தேவை. சுத்தியலால் தட்டியோ உளி கொடுத்து நெம்பியோ எடுத்தால் அந்த அடி நேராக முன்பேரிங்கில்தான் விழும். அதன் கணகணப்பு சில மாதங்கள் கழித்தே கேட்கும் என்பதால், தட்டியவர் தம் கையால் வந்த வினை என்று நம்பவும் மாட்டார்.

கேள்வி: காலையில் சீறிப் பாயும் கார், மதிய வெயிலில் போக்குவரத்து நெரிசலில் நின்று கிளம்பினால் மந்தமாகிறது. இன்டர்கூலர் மாற்றினால் சரியாகுமா?

பதில்: பெரும்பாலும் சரியாகும்; ஆனால் மாற்றுவதற்கு முன் இருப்பதைச் சோதியுங்கள். 20 டிகிரி காற்றை வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரு மடங்குக்கு அழுத்தினால், குறையே இல்லாத அழுத்தியில்கூட அது 80 டிகிரியைத் தாண்டும். ரூட்ஸ் வகையில் நூறு டிகிரியைத் தாராளமாகத் தாண்டிவிடும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டிய இன்டர்கூலர் இந்தக் காரில் எஞ்சினின் தலைமேல், பானட்டின் காற்றுத் துவாரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறது. கார் நிற்கும்போது துவாரத்தில் காற்று இல்லை, அடியிலிருந்து எஞ்சினின் சூடு ஏறுகிறது. தோசைக்கல் போலக் காய்ந்திருக்கும் அது குளிர, கார் கிளம்பியபின்னும் சில நிமிடங்கள் பிடிக்கும்.

பானட்டைத் திறந்து, துவாரத்துக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலுள்ள நுரைச் சீல் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். அது பிய்ந்திருந்தால் உள்ளே வரும் காற்று பக்கவாட்டில் தப்பித்துவிடும். இன்டர்கூலரின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் பூட்களை, அதாவது இணைப்பு உறைகளைக் கையால் வளைத்துப் பார்த்து, வெடிப்போ எண்ணெய்ப் பூச்சோ தென்பட்டால் மாற்றுங்கள். இவை சரியாக இருந்தும் குறை நீடித்தால் பெரிய இன்டர்கூலர் வாங்குவது நியாயமே. காரின் பவரை அளக்கும் டைனோ அறையில் ஒரே ஒரு ஓட்டத்தில் அது தரும் லாபம் சிறியதாகத் தெரியலாம். அடுத்தடுத்து மூன்று ஓட்டங்கள் எடுத்தால்தான் அதன் அருமை புரியும்.

கேள்வி: முதலில் கூம்பு வடிவ ஏர் ஃபில்டரும் எக்ஸாஸ்ட்டும் போடலாம் என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: நண்பருக்குச் சத்தம் பிடிக்கும் போலிருக்கிறது. தடுப்பில்லாத கூம்பு ஃபில்டர் பானட்டுக்கடியில் உள்ள சூடான காற்றையே உறிஞ்சும்; வெளிக்காற்றை மட்டும் எடுக்கும் மூடிய பெட்டியோடு வந்தால் வாங்குங்கள். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னுள்ள குழாயை மாற்றுவதால் பவர் சொற்பமே கூடும். புல்லி போட்டு, காற்றின் அளவு கூடியபின் செய்தால் கொஞ்சம் பயன் உண்டு.

கேள்வி: புல்லி போட்டால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவின் மென்பொருளை மாற்றியமைப்பது (ரீமேப்) கட்டாயமா? பிளக், பெட்ரோல் ஆகியவற்றில் மாற்றம் வேண்டுமா?

பதில்: 15 சதவீதப் புல்லியோடு ரீமேப் இல்லாமலும் கார் ஓடும். அழுத்தமும் சூடும் கூடினால் சிலிண்டரில் எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானாக வெடிக்கும் நாக்கிங் தொடங்கும். நாக் சென்சார் அதைக் கேட்டவுடன் இசியு, பிளக் பொறி விடும் நேரமான இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து எஞ்சினைக் காப்பாற்றும். ஆனால், புல்லி கொடுத்த பவரில் ஒரு பகுதியை இசியு இவ்வாறு அமைதியாகத் திருப்பி எடுத்துக்கொள்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே 97க்கு மேற்பட்ட ஆக்டேன் பெட்ரோலை மட்டும் ஊற்றுங்கள். சூட்டை விரைவாக வெளியேற்றும், ஒரு வெப்பப்படி குளிர்ந்த பிளக்குகளைப் போடுங்கள். இரண்டுக்கும் ஆகும் செலவு குறைவு.

17 சதவீதத்துக்குப் போகிறவர்களுக்கு ரீமேப்பைக் கட்டாயம் என்றே சொல்வேன். உயர்ந்த ஆர்பிஎம்மில் எரிபொருளைத் தெளிக்கும் ஆலை இன்ஜெக்டர்கள் தம் எல்லையை நெருங்கும். காற்று கூடி எரிபொருள் கூடாத கலவை பிஸ்டனைத் துளைக்கக்கூடியது. டைனோவில் காற்று–எரிபொருள் விகிதத்தை அளந்து காட்டாமல், லேப்டாப்பிலிருந்து ஒரு ஃபைலை மட்டும் ஏற்றிவிட்டுப் பணம் கேட்பவரிடம் காரைக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: என் கார் 1,60,000 கிலோமீட்டர் ஓடியுள்ளது. சூப்பர்சார்ஜரை இதுவரை யாரும் தொட்டதில்லை. புல்லி போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். இந்தச் சூப்பர்சார்ஜருக்குள் எஞ்சின் எண்ணெய் வருவதில்லை. முன்னும் பின்னும் தனித்தனி அறைகளில் அதற்கென்று சிறிதளவு எண்ணெய் இருக்கிறது. அது ஆயுள் முழுவதற்கும் போதும் என்று நிறுவனம் சொன்னாலும், இவ்வளவு தூரம் ஓடிய யூனிட்டைத் திறந்தால் பின்னறையில் கறுத்த, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றமுடைய சில துளிகளே மிஞ்சியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தப் பின்னறைப் பல்சக்கரங்களே வாட்டர் பம்ப்பையும் சுழற்றுகின்றன. அவை உலர்ந்து தேய்ந்தால் சூப்பர்சார்ஜர் மட்டும் போகாது. கூலன்ட் சுழற்சி நின்று எஞ்சினே கொதித்துவிடும்.

எண்ணெய் மாற்ற, காரின் முன்முகத்தைக் கழற்றிச் சூப்பர்சார்ஜரை வெளியே எடுத்தாக வேண்டும். அதற்கே ஒரு நாள் கூலி ஆகும் என்பதால், வாட்டர் பம்ப், அதன் சீல்கள், டென்ஷனர் ஆகியவற்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள். ரோட்டர் தண்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரப்போ ஆட்டமோ இல்லையென்றால் அதே மேசையில் வைத்தே புதிய புல்லியைப் பொருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால் எம்ஓடி எனும் ஆண்டு வாகனத் தகுதிச் சோதனையில் சிக்கல் வருமா?

பதில்: வரும். ஆலையில் கன்வெர்ட்டரோடு வந்த காரில் அது இல்லையென்றால் தோல்விதான். புல்லி எம்ஓடிக்குத் தடையல்ல. ஆனால் அதையும் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.