அக்காவிடம் கேளுங்கள்: 38 எப்படி 88 ஆனது?

கேள்வி: அக்கா, என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். காலாண்டுத் தேர்வில் கணக்கில் 38 மார்க். எண்பதுக்குக் கீழே போனால் இவருக்குப் பிடிக்காது. ரேங்க் கார்டில் அந்த 3-ஐ 8 ஆக்கி, அப்பாவிடம் காட்டிக் கையெழுத்தும் வாங்கிவிட்டான். மிஸ் போன் செய்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இவர் ஸ்கேலால் அடித்துவிட்டார், நானும் தடுக்கவில்லை. ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இத்தனைக்கும் கெட்டிக்காரப் பையன். 12 வயது முடிந்துவிட்டது, ஆனாலும் லீவில் எழும்பூரிலிருந்து விழுப்புரத்துக்கு அரை டிக்கெட்டில் போனபோது, டி.டி.ஆர். கேட்டதும் நான் சொல்லிவைத்தபடி '11 வயசு சார்' என்று பளிச்சென்று சொன்னான். படிப்பில் மட்டும் ஏன் இப்படி? ஒழுக்கமும் படிப்பும் சேர்ந்து வர என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், சைதாப்பேட்டை

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்த டி.டி.ஆர். வந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

ரயிலில் 5 வயதிலிருந்து 12 நிறைவதற்கு முன்பு வரைதான் அரை டிக்கெட். முப்பது, நாற்பது ரூபாய் மிச்சமாகியிருக்கும். அன்று அவன் சொன்ன பதிலைக் கேட்டு நீங்கள் சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள், எனக்கு எழுதும்போதுகூட அதில் பெருமை தெரிகிறது. எண்ணை மாற்றிச் சொன்னதற்கு ரயிலில் பாராட்டு வாங்கிய பிள்ளை, சில நாளிலேயே ரேங்க் கார்டில் இன்னொரு எண்ணை மாற்றினான், ஸ்கேலால் அடி வாங்கினான். அவனுக்கு எவ்வளவு குழப்பமாக இருக்கும்! உங்களைக் குறை சொல்லவில்லை. கேபிள்காரர் வந்தால் 'அம்மா வீட்ல இல்லைன்னு சொல்லு' என்று என் மகளை நானும் வாசலுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒருநாள் ஹோம்வொர்க் நோட்டைக் கேட்டேன், அதே முகத்தோடு என்னிடமே 'நோட்டு மிஸ்கிட்ட இருக்கும்மா' என்றாள். அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் அந்த 38. 35 எடுத்தால் பாஸ். உங்கள் பையன் ஃபெயிலாகவே இல்லை, பாஸான மார்க்கைத்தான் திருத்தியிருக்கிறான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ஒரு பயமும் இருந்திருக்காது, வீட்டுக்கு வர பயந்திருக்கிறான். 2009-ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியில் பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனதளவில் துன்புறுத்தவும் கூடாது என்கிறது. வாத்தியார் கை ஓங்கினால் நாம் சண்டைக்குப் போவோம், ஆனால் வீட்டில் நாமே ஸ்கேலை எடுக்கிறோம். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம்.

முதலில் உங்கள் வீட்டுக்காரர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து 'அடிச்சது தப்புடா' என்று சொல்லட்டும். இதில் அப்பாவின் மரியாதை குறைந்துவிடாது. ரயில் விஷயத்தில் நீங்களும் அவனிடம் 'நான் சொல்லிக்கொடுத்தது தப்பு' என்று சொல்லிவிடுங்கள். அதன் பிறகு அவனை மிஸ்ஸிடம் அழைத்துப் போங்கள், 'நான்தான் மாத்தினேன் மிஸ்' என்று அவன் வாயாலேயே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், நடுவில் பேசாதீர்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் செய்த தப்பைத் தானே சரிசெய்ய அவனுக்கு ஒரு வழி வேண்டும் இல்லையா?

கணக்குக்கு உடனே டியூஷன் தேட வேண்டாம். விடைத்தாளை வாங்கி எந்தக் கணக்கில் மார்க் போயிருக்கிறது என்று அவனோடு உட்கார்ந்து பாருங்கள். ஏழாம் வகுப்பில் முழுக்கள் பாடத்தில் நிறையப் பிள்ளைகள் தடுமாறும். மைனஸ் 5-உடன் 8-ஐக் கூட்டச் சொன்னால் விழிக்கிற பிள்ளையிடம், 'அண்ணாச்சி கடையில் 5 ரூபாய் பாக்கி, 8 ரூபாய் கொடுத்தா மீதி எவ்வளவு வரணும்?' என்று கேளுங்கள், சட்டென்று 3 என்பான். ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போகும்போது பையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், காசும் கணக்கும் அவன் பொறுப்பு. கிலோ 40 ரூபாய் தக்காளி முக்கால் கிலோ எவ்வளவு என்று அவன் யோசிக்கிற வரைக்கும் பொறுமையாக நில்லுங்கள், நீங்கள் முந்திக்கொண்டு 30 என்று சொல்லிவிடாதீர்கள். தப்பாகச் சொன்னாலும் கடைக்காரர் முன்னால் திட்டக் கூடாது.

உங்களுக்குப் பக்கத்திலேயே கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2010-இல் திறந்தது, குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே உண்டு, உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது. மாதம் ஒரு சனிக்கிழமை அழைத்துப் போங்கள். அங்கே போய் கணக்குப் புத்தகத்தை நீட்டாதீர்கள், கிரிக்கெட்டோ பேய்க் கதையோ, அவன் எடுக்கிறதை அவன் படிக்கட்டும். நீங்களும் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

பொங்கலுக்கு எப்படியும் விழுப்புரம் போவீர்கள். எழும்பூர் கவுன்டரில் அவனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவனுக்கும் முழு டிக்கெட்டே வாங்குங்கள். வாங்கியதை அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள், டி.டி.ஆர். வந்தால் அவனே நீட்டட்டும்.