சாதுப் பூனையும் நிலாவெளி வீதியும்

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வயதுக் கடுவன் பூனை ஒன்று இருக்கிறது. பரம சாது. யார் தூக்கினாலும் போகும். மகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் நகம் நீட்டாது. குட்டியிலிருந்தே வீட்டுக்குள் வளர்த்துவிட்டோம். வாயில்லாப் பிராணியை அடைத்து வைப்பது பாவம் என்கிறார் மாமியார். கோட்டைக்குள் மான்கள் சுதந்திரமாகத் திரியவில்லையா என்கிறார் கணவர். மண் பெட்டி அள்ளும் வேலையும் மிச்சமாகும். இவ்வளவு சாதுவான பூனையை வெளியே விட்டால் என்ன?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: விடாதீர்கள். சாது என்பதை ஏதோ நற்சான்றிதழ் போல எழுதியிருக்கிறீர்கள். விடக்கூடாது என்பதற்கு எனக்குத் தெரியும் முதல் காரணமே அதுதான்.

பூனைக்குட்டி பிறந்து இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை யாரோடு பழகுகிறதோ, அவர்களிடம் அதற்குப் பிறகு பெரிதாக அச்சம் இருக்காது. அந்த நாட்களில் யாரோ உங்கள் பூனையை மடியில் வைத்துக் கொஞ்சியிருக்கிறார்கள். நீங்கள் வியக்கும் சாதுத்தனம் அந்தக் கொஞ்சலின் பலன். தெருவில் பிறந்த குட்டியோ, நாய் வாடை வந்தால் எந்த மதிலில் ஏறுவது என்பதைத் தாயின் பின்னால் ஓடியே கற்றுக்கொண்டது. உங்களுடையது கட்டாக்காலி நாயைக் கண்டால் இன்னொரு விருந்தாளி என்று நினைத்து உட்கார்ந்திருக்கும். யார் தூக்கினாலும் போகிற பூனை, தூக்கக் கூடாதவர் தூக்கினாலும் போகும்.

நிலாவெளி வீதியில் பஸ் போகும் வேகம் எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பற்றைக்குள் கிடக்கும் புடையன் பாம்பு, பக்கத்து வளவில் எலிக்கு வைத்த நஞ்சு, அந்த நஞ்சைத் தின்று தள்ளாடி வரும் எலி என்று மற்றவற்றையும் நீங்களே கூட்டிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் நான் சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டிலும் ஒரு வெள்ளைப் பூனை இருந்தது. கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டுச் சத்தம் கேட்டால் கடற்கரைக்கு ஓடும். சூடை மீனோடு திரும்பி வரும். கெட்டிக்காரப் பூனை என்று பெருமைப்பட்டோம். ஒரு நாள் மீனோடு சேர்த்துத் தூண்டில் கட்டும் தங்கூசி நூலையும் விழுங்கிவிட்டது. ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கியிருக்க, மறுமுனை குடலுக்குள் போய்விட்டது. வாய்க்கு வெளியே நூல் தெரிந்தால் இழுத்துவிடக் கூடாது, குடலை அறுத்துவிடும் என்பதை மிருக வைத்தியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் ஏற்கெனவே இழுத்திருந்தேன்.

கடுவன் என்கிறீர்கள், கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தாயிற்றா என்று எழுதவில்லை. செய்யாவிட்டால், பெட்டையின் குரல் கேட்ட இரவில் உங்கள் சாது மூன்று வீதி தாண்டிப் போய் மற்றக் கடுவன்களோடு கட்டிப் புரளும். பூனைக்கடி வெளியே சிறு துளையாகத்தான் தெரியும். உள்ளே சீழ் கட்டும். உடலின் எதிர்ப்புச் சக்தியை அரிக்கும் ஒரு வைரசும் பெரும்பாலும் அந்தக் கடியால்தான் பூனைக்குப் பூனை தொற்றுகிறது. மனிதருக்கு அது வராது, பயப்பட வேண்டாம். ஆனால் விசர் நோய் வரும். தெருவில் விசர் நாயிடம் கடி வாங்கி வந்த பூனையை வீட்டில் முதலில் தூக்குவது யார்? வால் பிடித்து இழுக்கும் உங்கள் மகள்தான். வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கும் அந்தத் தடுப்பூசியைத் தவணை தவறாமல் போடுங்கள்.

சாது என்பது யாருக்கு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் வேலியில் தத்தும் புலுனிக் கூட்டத்துக்கும் கொய்யா மரத்து அணிலுக்கும் அது சாது அல்ல. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். பசிக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை.

மான் கதைக்கு வருவோம். பிரட்ரிக் கோட்டைப் புள்ளிமான்களை உங்கள் கணவர் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பார்த்திருப்பார். அதே மான்கள் நகருக்குள் வந்து குப்பையைக் கிளறிப் பொலித்தீன் மெல்வதைப் பார்க்கவில்லையா? சுதந்திரத்துக்கு அவர் வேறு உதாரணம் தேடட்டும்.

மாமியாரை அப்படித் தள்ளிவிட முடியாது. அவர் சொல்வதில் பாதி சரி. சைப்பிரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதருக்குப் பக்கத்தில் பூனையும் கிடந்தது. வீட்டுக்கும் பூனைக்கும் அவ்வளவு நாள் உறவு. ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்கும் பிராணிக்கு வீடு சிறை அல்ல. ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் செய்வதற்கு எதுவும் இல்லையென்றால் அது கொழுக்கும், சலிக்கும், கதிரையைக் கிழிக்கும். பாவம் அங்கேதான் இருக்கிறது. விறாந்தைக்குக் கம்பி வலை அடித்துக் கொடுங்கள். யன்னலோரம் உயரத்தில் ஒரு பலகை போதும், தெருவில் போகும் மீன்காரரின் சைக்கிளை அங்கிருந்தே மேற்பார்வை செய்யும். பொழுதுபடும் நேரத்தில் ஒரு கயிற்றின் நுனியில் துணியைக் கட்டிக் கால் மணி நேரம் இழுத்து ஓடுங்கள். ஓடி, பாய்ந்து, பிடித்த பிறகு சாப்பாடு வையுங்கள். நெஞ்சுப் பட்டி போட்டு முற்றத்தில் நடத்தலாம். முதல் நாள் தரையோடு தரையாகப் படுத்துவிடும், அதற்காக இழுக்க வேண்டாம்.

மிச்சம் அந்த மண் பெட்டி. கடிதத்தின் உண்மையான கேள்வி அதுதானோ என்று எனக்கு ஐயம். பூனையை வெளியே விட்டால் அள்ளும் வேலை மிச்சமாவது உங்களுக்கு மட்டும்தான். பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியில் வேறொருவர் அள்ளுவார். பூனை மலத்தால் பரவும் ஒட்டுண்ணி ஒன்று உண்டு. வெளியே வந்து ஒரு நாளாவது சென்ற பிறகே அது தொற்றும் நிலைக்கு வரும் என்பதால், தினமும் அள்ளும் வீட்டில் ஆபத்துக் குறைவு. கர்ப்பிணிகள் மட்டும் அந்த வேலையைத் தொடக் கூடாது. உங்கள் வீட்டில் அதற்குப் பொருத்தமான ஆள், மான் உதாரணம் சொன்னவர்.