புலிமியா சிகிச்சையில் ரெக்கவரி கோச் என்ன செய்வார்?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் தங்கைக்குப் புலிமியா, அதாவது அடக்க முடியாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டு, எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் வாந்தி எடுப்பது போன்ற வழிகளில் அதை ஈடுகட்டப் பார்க்கும் நோய். தெரப்பிஸ்ட், டயட்டீஷியன் இருவரும் இருந்தும், ரெக்கவரி கோச் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அவர் அப்படி என்ன செய்வார்?

எம்.எஸ். படிக்க டெக்சாஸ் போன இரண்டாவது வருடம் எனக்கும் இதே நோயைத்தான் சொன்னார்கள். 7 மாதம் ஒரு கோச்சோடு இருந்தேன். சாப்பிட்டு முடித்த பிறகு வரும் அரை மணி நேரம் இருக்கிறதே, முக்கியமாக அதற்குத்தான் அவர்.

தெரப்பிஸ்டை வாரம் ஒரு முறை 50 நிமிடம் பார்ப்பேன். பேசுவேன், அழுவேன், எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். இரவு 8.30 மணிக்குத் தட்டைக் கழுவிவிட்டு நிற்கும்போது அந்தப் புரிதல் எதுவும் கைகொடுக்காது. வயிறு நிறைந்திருப்பதே பயமாக இருக்கும். பாத்ரூம் நாலு எட்டு தூரத்தில்.

கோச் அந்த நேரத்தில் வீடியோவில் இருப்பார். வாரத்தில் 4 இரவு அவரும் தன் தட்டோடு உட்கார்ந்து என்னோடு சாப்பிடுவார். மற்ற நாட்களில் மெசேஜ். கலோரி, எடை என்று ஒரு எண்ணும் அவர் வாயில் வராது. சாப்பிட்டு முடித்ததும், "இப்போது கைக்கு என்ன வேலை கொடுக்கலாம்?" என்பார். முதல் நாள் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பக்கத்தில் கிடந்த நோட்டை எடுத்துப் புள்ளி வைத்தேன். 7 புள்ளி, இடைப்புள்ளி, 4 வரை. அவருக்குக் கோலம் என்றால் என்னவென்றே தெரியாது. அடுத்த நாள் அவரும் ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்தார். வாந்தி எடுத்தே ஆகவேண்டும் என்ற தவிப்பு கொஞ்ச நேரம் உச்சத்தில் நின்றுவிட்டுத் தானாகவே தணியும் என்று தெரப்பிஸ்ட் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் நம்பவில்லை. மூன்றாவது கோலம் போட்டு முடித்தபோதுதான் நம்பினேன்.

டயட்டீஷியன் எனக்குக் கொடுத்த திட்டம் எளிமையானது. 3 வேளைச் சாப்பாடு, நடுவில் 2 அல்லது 3 முறை சிற்றுண்டி, இடைவெளி 4 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ஆனால் எனக்குப் பயமே சோற்றின் மேல்தான். இரண்டு வருடமாக வீட்டில் அரிசி வாங்கவில்லை. கோச் ஃபோனில் கூடவே இருக்க, இந்தியக் கடையில் அரிசி மூட்டை முன்னால் வெகுநேரம் நின்று, ஒரு சின்னப் பை பொன்னி வாங்கி வந்தேன். அன்று சாப்பிட்ட தயிர்சாதம் இன்னும் நினைவிருக்கிறது.

பகலெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு இரவில் அடங்காமல் சாப்பிடுவதை என் குணக்கேடு என்று நினைத்திருந்தேன். 1944-45-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வைப் பற்றி டயட்டீஷியன் சொன்னார். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 36 இளைஞர்களை 6 மாதம் அரைவயிறாக வைத்திருந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். மறுபடி தாராளமாகச் சாப்பாடு கிடைத்தபோது சிலரால் நிறுத்த முடியவில்லை. அதற்குப் பிறகு நான் "எனக்கு மன உறுதி இல்லை" என்று புலம்பும்போதெல்லாம் கோச் ஒரே கேள்விதான் கேட்பார்: "மதியம் சாப்பிட்டாயா?"

சரி, ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கோச் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம். மருத்துவருக்கு இருப்பதுபோல லைசென்ஸ் கிடையாது. இவருக்கு முன் சமூக வலைத்தளத்தில் கிடைத்த ஒருவரிடம் 2 மாதம் இருந்தேன். தெரப்பிஸ்டே தேவையில்லை, நான் போதும் என்றார். தலை சுற்றுகிறது என்றபோது உப்புப் போட்டு எலுமிச்சை ஜூஸ் குடிக்கச் சொன்னார். கடைசியில் ரத்தப் பரிசோதனை செய்தபோது பொட்டாசியம் மிகக் குறைவு. அன்றே அட்மிட் ஆனேன். அடிக்கடி வாந்தி எடுத்தால் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தாறுமாறாகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே ரத்தப் பரிசோதனையும் டாக்டரும் நிற்கவே கூடாது.

எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கும் அனோரெக்ஸியா நோயிலிருந்து மீண்டு, 1996-ல் கலிபோர்னியாவின் மாலிபுவில் மான்டே நீடோ என்ற சிகிச்சை மையத்தைத் தொடங்கிய கேரலின் காஸ்டின், பிற்பாடு சாப்பாடு சம்பந்தமான இப்படிப்பட்ட நோய்களுக்கென்றே கோச்களுக்குப் பயிற்சி தரும் நிறுவனம் ஒன்றையும் ஏற்படுத்தினார். உங்கள் தங்கையின் கோச்சிடம் எங்கே பயிற்சி பெற்றார், தெரப்பிஸ்டோடு நேரடியாகப் பேசுவாரா என்று கேளுங்கள். என் கோச் முதல் வாரமே அதற்கான சம்மதப் படிவத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினார். செலவையும் யோசித்துக்கொள்ளுங்கள். என் இன்ஷூரன்ஸ் இதற்கு ஒரு பைசாகூடத் தரவில்லை.

அப்புறம், வீட்டிலிருந்து வரும் ஃபோன். "சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டே?" என்று அம்மா ஆசையாகத்தான் கேட்பார். எனக்கு அது விசாரணையாகப் படும். "அம்மா, சாப்பாட்டைப் பத்தி மட்டும் கேட்காதே, மத்ததெல்லாம் பேசு" என்று சொல்ல கோச்சோடு 3 வாரம் பழகவேண்டியிருந்தது. நீங்களும் அவளிடம் "இளைச்சிட்டே", "பூசினாப்ல இருக்கே" எதுவும் சொல்லாதீர்கள், பாராட்டாகக்கூட.

கோச் விடைபெற்ற பிறகு அந்த 8.30 மணியை அம்மா எடுத்துக்கொண்டார். ஊரில் அப்போது காலை 7. காபியை ஆற்றிக்கொண்டே அரை மணி நேரம் அக்கம்பக்கத்துக் கதையெல்லாம் சொல்வார். உங்கள் தங்கை இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டு முடிக்கிறாள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.